கப்பல் பட்டியலில் ஒரு வரி: நேட்டாலுக்குச் சென்ற பெண்களை ஆவணங்களில் தேடுவது எப்படி?

பாலாற்றங்கரை (கேள்வி):

வணக்கம். வரலாற்றில் முதுகலை ஆய்வேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுள் வட ஆர்க்காட்டிலிருந்து, கணவரோ தந்தையோ உடன் வராமல், தனியாகவோ குழந்தையோடோ சென்ற பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆதாரம் தேடப் புகுந்தபோதுதான் தலைப்பின் பாரம் தெரிந்தது.

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் ஏற்றியுள்ள கப்பல் பட்டியல்களைச் சில மாதங்களாகப் பார்த்துவருகிறேன். 1898-இல் டர்பனில் இறங்கிய ஒரு பெண்ணின் வரியில் என் கண் நின்றுவிட்டது. வயது 22. உடன் 3 வயதுப் பெண் குழந்தை. தந்தையின் பெயர், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், இடது முழங்கையில் தழும்பு. கணவரைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அடுத்த வரியில் வேறொருவர் தொடங்கிவிடுகிறார். (குடும்பத்தினர் யாரேனும் இன்று இருக்கக்கூடும் என்பதால் பெயரையும் எண்ணையும் இங்கே தரவில்லை.)

இந்த ஒரு வரியிலிருந்து மேலே போவது எப்படி என்பது என் முதல் கேள்வி. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. தனியாக வந்த பெண்களைப் பற்றி அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளில் 'நடத்தை கெட்டவர்கள்' என்று பொருள்படும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த அறிக்கைகளைச் சான்றாகக் காட்டினால் அந்தச் சொற்களுக்கு நானும் கையொப்பமிட்டதாக ஆகிவிடாதா? அவற்றை ஒதுக்கிவிட்டால் என்னிடம் மிஞ்சுவது என்ன? "ஆதாரம் நின்ற இடத்தில் நீயும் நின்றுவிடு" என்கிறார் என் நெறியாளர். அப்படி நின்றால், எழுத்தர் எவ்வளவு எழுதினாரோ அவ்வளவுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையகோப்பு:

நண்பருக்கு வணக்கம். அந்த வரி யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். அது வாழ்க்கைக் குறிப்பன்று. ஏறக்குறைய ஒரு சரக்குச் சீட்டு. தழும்பைக் குறித்ததும் உயரத்தை அளந்ததும், தோட்டத்தைவிட்டு ஓடினால் அடையாளம் காண்பதற்காகவும், ஒருவர் பெயரில் இன்னொருவர் கப்பலேறாமல் இருப்பதற்காகவும். வயது என்பது பெரும்பாலும் எழுத்தரோ மருத்துவரோ முகத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு. 22 என்பதை இருபதுகளின் தொடக்கம் என்று வாசிப்பதே பாதுகாப்பு.

கணவரைப் பற்றிய குறிப்பு இல்லாததைத் திருமணமாகாதவர் என்று படித்துவிடாதீர்கள். உடன் கப்பலேறிய கணவர் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்தப் பெண் கைம்பெண்ணாக இருக்கலாம், கணவரை விட்டு வந்தவராக இருக்கலாம், கணவரால் விடப்பட்டவராக இருக்கலாம், முன்பே நேட்டாலுக்குப் போய்விட்ட கணவரைத் தேடிப் போனவராகவும் இருக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதம் நிறைந்தாக வேண்டும் என்ற விதி ஆட்சேர்ப்பு முகவர்களின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் காத்திருந்த வாரங்களில் முன்பின் அறியாத இருவர் கணவன் மனைவியாகப் பதிவானதும் உண்டு; டிப்போ திருமணம் என்றே அதற்குப் பெயர். ஆகவே கணவர் பெயர் இருக்கும் வரியும் இல்லாத வரியும் ஒரே அளவுக்குச் சந்தேகத்திற்குரியவை.

இனி, மேலே போகும் வழி. பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. உங்கள் வரியில் உள்ள குழந்தைக்கும் தனி எண் இருக்கும். பெயர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். எண் பெரும்பாலும் மாறாது. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கோப்புகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. முறையீடு, திருமணப் பதிவு, தோட்ட மாற்றம், இறப்பு என்று எது நடந்திருந்தாலும் எழுத்தர் முதலில் எழுதியது அந்த எண்ணைத்தான்.

இன்னொரு கயிறும் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1895-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டத்தின்படி, ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் நேட்டாலில் தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 1903-இல் அது பிள்ளைகளுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதிலும் பெண் பிள்ளைகளுக்கு 13 வயதிலும் வரி தொடங்கியது. பெண்ணின் கூலி ஆணின் கூலியில் பாதி. ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் என்றால் பெண்ணுக்கு 5. அந்தக் கணக்கில் 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், என்பது பன்னிரண்டு மாதக் கூலி, அப்படியே முழுசாக. 1898-இல் வந்த தாய் 1903-இல் அந்த வரிக்குள் வருகிறார். மகள் 1908 வாக்கில் வருகிறாள். 1910-இல், பெண்களுக்கு விலக்கு அளிக்க நடுவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. 1914-இல் வரியே ஒழிந்தது. வரி கட்டினாலும், கட்டாமல் பிடிபட்டாலும், விலக்குக் கேட்டாலும் தாள் பிறக்கும். தாய் அகப்படாவிட்டால் மகளின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

சென்னையிலும் வேலை இருக்கிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு தொடர்பான அரசாணைகளும் சென்னையிலிருந்த குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஆண்டறிக்கைகளும் உள்ளன. தனி ஒருவரின் பெயர் அங்கே கிடைப்பது அரிது. ஆனால் ஓர் ஆண்டில் எந்த மாவட்டங்களில் மழை பொய்த்தது, எங்கிருந்து ஆட்கள் அதிகம் வந்தார்கள் என்ற பின்னணி அங்கேதான் கிடைக்கும். 1871-இல் நேட்டாலிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் இறங்கியதும் முறையிட்டார்கள். நேட்டாலில் 1872-இல் விசாரணைக் குழு அமைந்ததற்கு அந்த முறையீடுகளே காரணம். 1866-இல் நின்றிருந்த குடிபெயர்வு 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது.

கடைசியாக ஒன்று. கணினியில் இருப்பது படியெடுத்தவரின் வாசிப்பு. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் ஒரு கிராமத்தின் பெயரையும் நம்பாதீர்கள். பட்டியலை எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டார். நூறு ஆண்டுகள் கழித்துப் படியெடுத்தவர் கண்ணில் பட்டதைத் தட்டச்சு செய்தார். இருவருக்கும் இடையில் வந்தவாசியும் போளூரும் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உரக்கப் படியுங்கள். வட ஆர்க்காட்டு ஊர்ப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த காது, பல இடங்களில் கண்ணை முந்திக்கொள்ளும். வட ஆர்க்காடு என்பது 1911 வரை சித்தூரையும் உள்ளடக்கியது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் தேடும் கிராமம் இன்றைய ஆந்திரத்தில் இருக்கக்கூடும்.

சாட்சிக்கூண்டு:

பழையகோப்பு அவர்கள் தந்த வழியில் போய், நீங்கள் ஒரு முறையீட்டுக் கோப்பை அடைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே அந்தப் பெண் பேசுவது போலத் தோன்றும்.

நான் குடியேற்ற நாடுகளின் வாக்குமூலங்களைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். பெண் தமிழில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்குகிறார். எழுத்தர் சுருக்கி எழுதுகிறார். இறுதியில் அந்தப் பெண் ஒரு பெருக்கல் குறி இடுகிறார். கேட்கப்பட்ட கேள்விகளை எழுத்தர் விட்டுவிடுவது வழக்கம். பதில்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, தாமாகச் சொன்ன கதை போல நிற்கும். மாதிரிக்கு நானே கட்டிய சில வாக்கியங்களைப் பாருங்கள் (சர்தார் என்பவர் தோட்டத்தில் வேலை வாங்கும் இந்திய மேஸ்திரி): "எனக்குக் கணவர் இல்லை. நான் ஒழுங்காக வேலைக்குப் போகிறேன். அன்று எனக்குக் காய்ச்சல். சர்தார் என்னை அடித்தார். என் பெண் குடிசையில் தனியாக இருந்தாள்." முதல் இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: உன் புருஷன் யார்? வேலைக்கு மட்டம் போடுவாயா? முறையிட வந்தவரையே அலுவலகம் முதலில் விசாரணைக்கு உட்படுத்துகிறது. கடைசி வாக்கியத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வியைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்து விழும் அத்தகைய வாக்கியம்தான் என் கணக்கில் பொன். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் விட்டுப்போன கேள்விகளை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். கேள்வி பொருந்தாத வாக்கியங்கள் தனியே தெரியத் தொடங்கும்.

தமிழ் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய இன்னொரு வேலை உண்டு. ஆங்கிலத்தில் 'கையைப் பிடித்து இழுத்தார்' என்று மட்டும் ஒரு வாக்கியம் இருந்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகர் அதைச் சில்லறைத் தகராறாக எடுத்துக்கொள்வார். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பெண் எழுந்து "இவன் என் கையைப் பிடித்து இழுத்தான்" என்றால், கூடியிருப்பவர்களில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றினார். சொல்லுக்கு அடியில் இருந்ததை விட்டுவிட்டார். அல்லது அதைச் சொல்ல அவரே கூசினார்.

முறையிட வருவதும் எளிதன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே காணப்பட்டால் கைது செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. முறையீட்டைப் பதிந்த அதிகாரியின் மேசைக்கு வருவதற்கே அந்தப் பெண் ஒரு குற்றத்தைச் செய்ய வேண்டியிருந்திருக்கலாம்.

ஒரே நிகழ்வு இரண்டு மூன்று இடங்களில் பதிவாகியிருந்தால் விடாதீர்கள். இதே ஒப்பந்த முறை நடந்த ஃபிஜியின் ரேவா பகுதியில் 1913-இல் குந்தி என்ற பெண், மேற்பார்வையாளர் பலாத்காரம் செய்ய முயன்றபோது ஆற்றில் குதித்துத் தப்பினார். அவர் சொன்னதாகக் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' இதழில் செய்தி வந்தது; இந்திய அரசு விளக்கம் கேட்டது; ஃபிஜி அதிகாரிகள் விசாரித்து, அவர் சொன்னது உண்மையன்று என்று எழுதி அனுப்பினார்கள். மறுப்பதற்காக எழுதப்பட்ட அறிக்கைதான் அவரை இத்தனை விரிவாகப் பாதுகாத்து வைத்தது. மறுப்பவர் எவற்றை மறுக்கவில்லை என்று பார்ப்பதும் வாசிப்புதான்.

நெய்தல்:

'நடத்தை' பற்றிய கேள்விக்கு மட்டும் என் பதில். அந்தச் சொற்களை நீக்க வேண்டாம். அவை எந்தப் பக்கத்தில், எந்தக் கேள்விக்கு விடையாக வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபிஜித் தோட்டங்களில் பெண்கள் கொல்லப்படுவது பற்றிக் கேள்வி எழுந்தபோதெல்லாம், பெண்கள் குறைவு, இருப்பவர்களும் நிலையற்றவர்கள் என்பதே ஆயத்தமான விடையாக இருந்தது. கூலியை, குடியிருப்பை, வேலைப்பளுவைப் பற்றிப் பேசாமல் இருக்க அந்த விடை மிகவும் வசதியானது. ஃபிஜியில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ், அதாவது முக்கால் ஷில்லிங். அந்தக் கூலியும் முழுசாகக் கைக்கு வராத ஒரு பெண், ஒருவரோடு சேர்ந்து வாழ்வதும் விலகிப்போவதும் எந்த நெருக்கடியில் நடந்தன என்பதை 'நடத்தை' என்ற ஒரே சொல் மூடிவிடுகிறது.

திருமணத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். சடங்கோடு நடந்த திருமணம் பதிவாகாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. பதிவேட்டில் 'தனியாள்' என்று நிற்பவர் தன் லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) பத்து ஆண்டுகளாக ஒருவரின் மனைவியாக இருந்திருப்பார். தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச்சில் வந்த நீதிபதி சேர்லின் தீர்ப்பு இதே போக்கின் உச்சம். கிறித்தவ முறைப்படி அல்லாத திருமணங்கள் செல்லுபடியாகுமா என்ற கேள்வி அப்போது ஒப்பந்தக் கூலிகளைத் தாண்டி எல்லா இந்தியக் குடும்பங்களின் தலைக்கு மேலும் தொங்கியது. அவ்வாண்டுப் போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் சிறை சென்றதற்கு 3 பவுன் வரியோடு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் காலனிய ஆவணம் மட்டும்தான் ஒருபக்கம் சாய்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பந்த முறையை ஒழிக்கப் போராடிய நம் தலைவர்களும் 'நம் பெண்களின் மானம்' என்ற வாதத்தையே முன்னே நிறுத்தினார்கள். கோகலே 1912-இலும் மாளவியா 1916-இலும் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 1917-இல் ஆட்சேர்ப்பு நின்றது. பயன் பெரியது, அதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பேச்சுகளில் வரும் பெண் எப்போதும் அழுதுகொண்டிருக்கிறார், எப்போதும் யாராலாவது ஏமாற்றப்பட்டவராக இருக்கிறார். தானே முடிவெடுத்துக் கப்பலேறிய ஒருவருக்கு அதிகாரியின் அறிக்கையிலும் இடமில்லை, தேசியவாதியின் மேடையிலும் இடமில்லை.

ஒருசொல்கேளீர்:

மேலே உள்ளவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் சாட்சிக்கூண்டு அவர்களின் உற்சாகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டும். கையைப் பிடித்து இழுத்தான் என்பது சில நேரங்களில் கையைப் பிடித்து இழுத்தான் என்பது மட்டும்தான். வரப்பில் நின்றவரைச் சர்தார் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதையும் அதே சொற்களால்தான் சொல்வார்கள். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் இடம் கொடுத்தால் மட்டுமே அந்த வாசிப்பைச் செய்யலாம்.

இன்னொன்று: கோப்பில் இருப்பவர்கள் சிலர். முறையிடாத, நீதிமன்றம் ஏறாத, கொலையுண்டு போகாத பெண்கள்தான் பெரும்பாலோர். ஐந்தாண்டு முடித்து, காய்கறி பயிரிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இறந்தவருக்குப் பதிவேட்டில் வந்ததைச் சொல்லும் வரி ஒன்று, இறந்ததைச் சொல்லும் வரி ஒன்று. கோப்புகளையே படித்துக்கொண்டிருந்தால் அங்கே வன்முறையைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லை என்று தோன்றிவிடும்.

உங்கள் நெறியாளருக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்குக்கு வருகிறேன். ஆதாரம் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டுமா, கற்பனை செய்யலாமா என்று அதை இரண்டே கதவுகளாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் மொழியின் வினைமுற்றே இதற்கு வழி வைத்திருக்கிறது. 'இறங்கினார்' என்பது பட்டியல் சொல்வது. 'இறங்கியிருப்பார்' என்பது நீங்கள் காரணத்தோடு ஊகிப்பது. 'இறங்கினாராம்' என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது. மூன்றையும் கலக்காமல் எழுதினால் வாசகர் எந்த இடத்தில் எந்தத் தரையில் நிற்கிறார் என்பது அடிக்குறிப்பு இல்லாமலே தெரியும். ஆய்வேடுகளில் எல்லாவற்றையும் 'இறங்கினார்' என்று எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து தொற்றியதோ தெரியவில்லை. நம் பாட்டிமார் ஊர்க்கதை சொல்லும்போது கூட இந்த வேறுபாட்டைத் தவறவிட மாட்டார்கள்.

அதோடு, மூலத்தைத் தமிழாக்கும்போது 'அவள்' என்பீர்களா 'அவர்' என்பீர்களா? ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் ஆவணம் இதில் உங்களுக்கு உதவாது. அதிகாரி பேசும் இடத்தில் 'அவள்' என்று போட்டால்தான் அவருடைய தொனி வரும் என்பது என் கருத்து. உங்கள் குரலில் பேசும்போது வேறு முடிவு எடுக்கலாம். எதுவானாலும் தெரிந்து எடுங்கள்.

லயத்துவீடு:

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எண்ணும் தழும்பும் கிராமத்தின் பெயரும் உள்ள ஒரு வரி கிடைத்ததே என்று நீங்கள் மகிழ வேண்டும். எங்கள் பாட்டிமாருக்கு அதுவும் இல்லை. இங்கே நடந்தது கங்காணி முறை: ஊரில் ஆள் சேர்த்து அழைத்துவந்தவரே தோட்டத்திலும் மேற்பார்வையாளர். தனித்தனி ஒப்பந்தம் இல்லாததால் ஆளுக்கொரு பதிவு என்பதும் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்த தட்டப்பாறை முகாமிலும் மண்டபம் முகாமிலும் எண்ணிக்கையாகக் கடந்து வந்தவர்கள். கங்காணியின் பற்றுச்சீட்டில் குடும்பத்தின் கடன் இருக்கும். பெண் அதில் கணவரின் கணக்கில் ஓர் உருப்படி. தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' (கடனைத் தீர்த்தால் ஆளை விடுவதாக எழுதிய சீட்டு) வேண்டும்; 1921-இல் அது ஒழிக்கப்படும்வரை கடனும் ஆளும் ஒன்றாகவே கைமாறின. பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவரே வாங்கிக்கொண்டார் என்பதால் சம்பளப் பேரேட்டில் கூட அவர் கைபட்ட இடம் இல்லை.

ஆகவே நாங்கள் பாட்டையும் ஒப்பாரியையும் நீதிமன்றப் பதிவையும் தோட்ட மருத்துவமனைப் பேரேட்டையும் வைத்துத் தேடுகிறோம். உங்கள் ஆய்வேட்டில் ஒரு பத்தியிலாவது இதைச் சொல்லுங்கள்: பதிவு செய்யப்பட்டதே ஒரு வகைக் கட்டுப்பாடுதான், ஆனால் பதிவே செய்யப்படாதது இன்னொரு வகை.

மூன்றாம்தலைமுறை:

டர்பனில் பிறந்தவன் நான். வயதான பிறகு முயன்று கற்ற தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். இங்கே கப்பல் பட்டியல் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியது அன்று. இந்திய அரசின் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்க, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்குச் சான்று வேண்டும் என்பதால், குடும்பம் குடும்பமாக இந்தப் பட்டியல்களைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது சாதிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தைப் பேசாமல் மூடியவர்களை நான் அறிவேன். என் குடும்பத்திலேயே அது நடந்தது. வீட்டில் சொல்லப்பட்டது ஒன்று, கட்டத்தில் இருந்தது வேறொன்று. எது சரி என்று எனக்குத் தெரியாது. எழுத்தர் தவறியிருக்கலாம், கப்பலேறும்போது கொள்ளுப்பாட்டியே மாற்றிச் சொல்லியிருக்கலாம், இங்கே வந்தபின் நாங்கள் மாற்றிக்கொண்டிருக்கலாம். கவுண்டர் இங்கே கொவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். அந்தப் பட்டங்களில் எல்லாமே ஊரிலிருந்து கொண்டுவந்தவை அல்ல.

குடும்பப் பெயர் ஆண்வழியாகவே இறங்கியதால், பெண்களின் பெயர் இரண்டாம் தலைமுறையிலேயே மறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியாது. 'கப்பல் பாட்டி' என்பார்கள். பட்டியலில்தான் பெயரைக் கண்டேன். ஆகவே நீங்கள் அந்தப் பெண்ணின் பெயரை இங்கே மறைத்ததை மதிக்கிறேன். ஆனால் ஆய்வேட்டிலும் மறைத்துவிடாதீர்கள். சாதியை வெளியிடுவது பற்றி வேண்டுமானால் யோசியுங்கள். பெயரை இன்னொரு முறை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை.

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மூலப் பக்கத்தின் படம் கிடைத்தது. கணினிப் படியில் என்னால் அடையாளம் காண முடியாதிருந்த தாலுகாவின் பெயரை என் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்; நான் இரண்டாம் எழுத்தைத் தாண்டுவதற்குள் "போளூர்" என்றார். கிராமத்தின் பெயர் இன்னும் பிடிபடவில்லை. ஒலியில் பொருந்தும் ஊர்கள் அங்கே இரண்டு இருக்கின்றன. தாய், மகள் இருவரின் எண்களையும் குறிப்பிட்டு, திருமணப் பதிவும் வரிப் பதிவும் பார்த்துத் தருமாறு கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஒருசொல்கேளீர் அவர்கள் சொன்ன முறையில் முதல் பத்தியை மாற்றி எழுதிப் பார்த்தேன். நெறியாளரிடம் காட்டும்முன் இங்கே வைக்கிறேன்:

"1898-இல் டர்பனில் இறங்கிய கப்பலில், வட ஆர்க்காட்டின் போளூர் தாலுகாவைச் சேர்ந்த ஒரு பெண், 3 வயது மகளோடு வந்தார். எழுத்தர் அவருக்கு 22 வயது என்று எழுதினார். உடன் கப்பலேறிய கணவர் இல்லை. கணவர் ஒருவர் எங்கேனும் இருந்திருக்கலாம். அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் டிப்போவில் வரிசையில் நின்றிருப்பார். தழும்பைக் காட்டக் கையை நீட்டச் சொன்னபோது மகளைக் கீழே இறக்கிவிட்டிருப்பார்."

கடைசி வாக்கியத்தை நெறியாளர் அடித்துவிடுவார் என்றே நினைக்கிறேன். ஆனால் இடது முழங்கைத் தழும்பு என்று எழுத வேண்டுமானால் யாராவது அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு அதற்கு ஆதாரம் உண்டு என்று வாதாடப் போகிறேன்.

பெயரை ஆய்வேட்டில் எழுதுவேன். எழுத்தர் போட்டுள்ள எழுத்துகளைத் தமிழில் இரண்டு விதமாக வாசிக்க முடிகிறது. இரண்டும் எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர்கள்தாம். மகளின் பதிவில் தாயின் பெயர் மீண்டும் ஒருமுறை, வேறொரு எழுத்தரின் கையால் எழுதப்பட்டிருந்தால், எது என்று தெரிந்துவிடும்.